மீன் தொட்டி வடிகட்டியுடன் புற ஊதாக் கிரண விளக்கை இணைத்தல்

அலங்கார மீன்களை வளர்த்து விற்கும் தொழில் சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்களுக்கு ஜீவனாதாரமாக இருந்து வருகிறது. இத்தொழிலில் ஈடுபட்டோரிற் சிலர், இடத்தின் நெருக்கடியை உத்தேசித்து, பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகளை இரும்புச் சட்டங்களில் அடுக்கி, அவை யாவற்றிற்கும் பொதுவாக ஒரே கீழ்த்தொட்டியும், ஒரே வடிகட்டியும், ஒரே பம்ப்பும் அமைத்துக்கொள்ளுகின்றனர். இவ்வமைப்பில் வேலை குறைவு; மின்சாரச் செலவும் குறைவு. ஆனால் ஒரு தொட்டியிற் புகுந்த வியாதி அன்றைய தினமே தண்ணீரின் வழியாக மற்றத் தொட்டிகளுக்கெல்லாம் சென்றுவிடுகிறது. புதிதாக வாங்கிவந்த ஒரு பை மீனோடு வந்த கிருமி, விற்பனைக்குத் தயாராயிருந்த சரக்கு முழுவதையும் சில தினங்களில் அழித்துவிடுவதும் உண்டு. இந்த நஷ்டத்தைக் குறைக்க உதவும் சாதனங்களுள் ஒன்று, கடைகளில் யூ.வி. விளக்கு என்ற பெயரால் விற்கப்படும் புற ஊதாக் கிரண விளக்காகும். இதனை வாங்குவோர் பலர்; முறைப்படி இணைப்போர் சிலரே. இணைப்பதிற் பிழை நேர்ந்தால், விளக்கு எரிவதும் மின்சாரம் செலவாவதும் தவிர வேறு பலன் யாதுமில்லை. ஆதலின் அதன் தத்துவத்தையும் இணைக்கும் வகையையும் இங்குச் சற்று விரிவாகக் கூறுவோம்.

கிரணத்தின் வேலை

சூரிய வெளிச்சத்திற்குக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் சக்தி உண்டென்பதை 1877-ம் வருஷத்தில் டௌன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர் சோதனைகளால் காட்டினர். அதற்குப் பின்னர் பாதரச ஆவி விளக்கு தோன்றியது. 1910-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து மார்செய்ல்ஸ் நகரில் குடிதண்ணீரைச் சுத்தி செய்ய இக்கிரணத்தை உபயோகித்துப் பார்த்தனர். இன்று மீன் தொட்டிக்காக விற்கப்படும் விளக்கும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். அதில் உள்ள பாதரச ஆவியின் வழியே மின்சாரம் பாயும்போது, ஏறக்குறைய 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கிரணம் பிறக்கிறது. இக்கிரணம் கிருமியின் உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் மரபுப் பொருளில் முடிச்சு விழுந்தாற்போலச் சிதைவுகளை உண்டாக்குகிறது. அவ்விதம் சிதைந்த கிருமி தன் இனத்தைப் பெருக்க இயலாமற் போகிறது. பெருக முடியாத கிருமி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

இக்கிரணத்துக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர். ஆகையால் விளக்கைக் குவார்ட்ஸ் என்னும் படிகக் கண்ணாடியினாலான உறையில் இட்டு, அவ்வுறையைச் சுற்றிலும் ஓர் அறை அமைத்து, அறையின் ஒரு முனையில் தண்ணீர் புகவும் மறுமுனையில் வெளிவரவும் வழி வைத்திருக்கின்றனர். உறை உடைந்துபோனால் அதே அளவில் வேறு கண்ணாடிக் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவது வீண். வெளிச்சம் தெரியும், கிருமி சாகாது.

இங்கு ஒரு விஷயத்தை மனதிற் பதிய வைத்துக்கொள்ளவேண்டும். அறையின் வழியாகச் செல்லும் தண்ணீரில் மிதந்து வருவனவற்றையே இவ்விளக்கு கொல்லும். மீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் நோயையோ, கூழாங்கல்லின்மேல் படர்ந்திருக்கும் பாசியையோ அது தீண்டாது. உதாரணமாக, வெள்ளைப் புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் மீனின் தோலுக்கடியில் இருந்து வளர்ந்து, பின்பு உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் நீந்திச் சென்று, ஏறக்குறைய இரண்டு தினங்களுக்குள் வேறொரு மீனைப் பற்றாவிடில் இறந்துபோகின்றன. நீந்தும் அந்தப் பருவத்தில் மட்டுமே அவை விளக்கிடம் அகப்படும். எனவே நோய் கண்ட தொட்டியில் இவ்விளக்கு வைத்தியமாகாது; நோய் ஒரு தொட்டியினின்று மற்றொரு தொட்டிக்குப் போகாமல் தடுக்கும் காவலாக நிற்கும். புது மீனைப் பதினைந்து நாளாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை இவ்விளக்கின் தைரியத்தில் விட்டுவிடலாகாது. அழுக்கிலிருந்து உண்டாகும் அம்மோனியாவையும் இது போக்காது. அது வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல கிருமிகளின் வேலை. அந்த நல்ல கிருமிகள் வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்வனவாதலால், விளக்கினால் அவற்றுக்குக் கேடில்லை.

நீர் பச்சையாக மாறும் தொந்தரவுக்கோ இது கைகண்ட மருந்து. பச்சை நிறத்துக்குக் காரணமான பாசித் துகள்கள் மிதப்பன ஆகையால், விளக்கு சரியாக அமைந்தால் ஒரு வாரத்திற்குள் நீர் தெளியக் காணலாம். ஆயினும் கடும் பச்சையாயிருந்த நீரில் பாசி ஒருங்கே மடியும்போது பிராணவாயு குறையும். அத்தினங்களில் காற்றுப் பம்ப்பை இரவும் பகலும் ஓட்டவேண்டும். கோல்டு மீன் குஞ்சுகளுக்கென்றே பச்சை நீரைப் பக்குவப்படுத்தும் சிமெண்டுத் தொட்டிகளில் இவ்விளக்கைப் புகுத்துவது, சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதற்குச் சமானம்.

தண்ணீரின் வேகம்

கிருமி பெறும் கிரணத்தின் அளவு, கிரணத்தின் உறைப்பையும் அது படும் நேரத்தையும் பெருக்கிவரும் தொகையாகும். இத்தொகையைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லி ஜூல் என்று கணக்கிடுவர். நீரில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 10 முதல் 30 மில்லி ஜூலில் செயலற்றுப்போகும். வெள்ளைப் புள்ளி நோயின் நீந்தும் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 100 தேவை. விளக்கின் வாட் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்குவோர் இந்த நேரக் கணக்கைக் கவனிப்பதில்லை.

கணக்கு மிகவும் சுலபமானது. ஓர் அறையின் உள் விட்டம் 7.5 சென்டிமீட்டர், உறையின் வெளி விட்டம் 2.5, ஒளிபடும் நீளம் 40 என்று வைத்துக்கொள்வோம். உறை போக மீதியுள்ள இடத்தில் சுமார் 1.57 லிட்டர் நீர் கொள்ளும். மணிக்கு 3,000 லிட்டர் ஓடினால் நீர் அவ்வறையில் தங்கும் நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. 1,200 லிட்டர் ஓடினால் 4.7 விநாடி, 600 லிட்டர் ஓடினால் 9.4 விநாடி. அறையினுள் கிரணத்தின் சராசரி உறைப்பு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி வாட் எனக் கொண்டால், கிருமி பெறும் அளவு முறையே 19, 47, 94 மில்லி ஜூல் ஆகிறது. விளக்கு ஒன்றே, பம்ப்பின் வேகம் மாறியதனால் பலன் ஐந்து மடங்கு மாறியது காண்க. இங்குக் கூறிய உறைப்பு கணக்கைக் காட்டுதற்பொருட்டுக் கொண்டது. வாங்கும் விளக்குக்கு உரிய எண்ணைச் செய்தவர் தரும் அட்டவணையினின்றே எடுக்கவேண்டும். இத்தனை வேகத்தில் இத்தனை மில்லி ஜூல் என்று கூறாமல், இத்தனை லிட்டர் தொட்டிக்கு ஏற்றது என்று மட்டும் அச்சிட்டிருக்கும் விளக்கைப் பற்றிச் சந்தேகங் கொள்ளுவது நலம்.

பம்ப்பின்மேல் எழுதியுள்ள வேகத்தையும் நம்பிவிடலாகாது. அது உயரமும் வளைவும் இன்றி ஓடும்போது உள்ள வேகம். குழாய் தொட்டியில் விழும் இடத்திலேயே ஒரு 10 லிட்டர் வாளியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். வாளி 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,200 லிட்டர். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் 600 லிட்டர். இச்சோதனைக்குச் செலவு யாதுமில்லை.

அப்படியாயின் நீரை மிகவும் மெதுவாக ஓடவிட்டால் போதுமே எனத் தோன்றலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொட்டியின் நீர் இடைவிடாது கலந்துகொண்டிருப்பதால், தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒரு தடவை ஓடிய பின்பும் நூற்றில் 63 பங்கே விளக்கைக் கண்டிருக்கும். 37 பங்கு காணாமலே இருக்கும். மூன்று மடங்கு ஓடினால் 95 பங்கு கண்டிருக்கும். தனித் தொட்டிக்கு மணிக்கு ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரையில் ஓடுவது பொருத்தமானது.

இணைக்கும் இடம்

ஒரே தொட்டி வைத்து, கேனிஸ்டர் எனப்படும் மூடிய வடிகட்டி உபயோகிப்போர், வடிகட்டியினின்று தொட்டிக்குத் திரும்பும் குழாயில் விளக்கை இணைக்கவேண்டும். தொட்டியிலிருந்து வடிகட்டிக்கு வரும் குழாயில் இணைத்தல் தவறு. அதற்குக் காரணங்கள் இரண்டு. வடிகட்டாத நீரில் உள்ள கழிவும் தூசியும் கிரணத்துக்கு நிழலாக நின்று, அதன் மறைவில் கிருமி தப்பிவிடும். உறையின்மேலும் அழுக்கு விரைவிற் படியும். அன்றியும் அந்தக் குழாய் உறிஞ்சும் குழாயாதலின், இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று உட்புகுந்து பம்ப்பு இரைச்சலிட்டு நின்றுபோகும்.

அடுக்குத் தொட்டி வைத்திருப்போர் செய்யும் தவறு வேறு விதமானது. கீழ்த்தொட்டியினுள் ஒரு சிறு பம்ப்பை இறக்கி, விளக்கின் வழியாக நீரைச் சுழற்றி அதே கீழ்த்தொட்டியில் விழவிடுகின்றனர். இவ்வகையில் கீழ்த்தொட்டி நீரில் கிருமியின் எண்ணிக்கை குறையுமேயன்றி, மேலே தொட்டிகளுக்கு ஏறும் நீரில் ஒரு பகுதி விளக்கைக் காணாமலே ஏறிக்கொண்டிருக்கும். ஒரு தொட்டியின் நோய் மற்றொன்றுக்குப் போகலாகாதென்பதே நோக்கமானால், தொட்டிகளுக்கு ஏறும் நீர் ஒரு துளியும் விடாமல் விளக்கின் வழியாகவே ஏறவேண்டும்.

ஆனால் அடுக்குத் தொட்டிக்குரிய பம்ப்பின் வேகமோ அதிகம். நூறு லிட்டர் தொட்டிகள் பத்து இருக்கும் இடத்தில் மணிக்கு 3,000 லிட்டர் ஏற்றும் பம்ப்பு இருப்பதாகக் கொள்வோம். மேலே கணக்கிட்ட அறையில் அந்த வேகத்திற்கு 19 மில்லி ஜூலே கிடைக்கும். வெள்ளைப் புள்ளிக் குஞ்சுகள் அதனைக் கடந்து சென்றுவிடும். பம்ப்பிலிருந்து புறப்படும் குழாயில், விளக்குக்கு முன்னதாக, ஒரு 'டீ' இணைப்பையும் வால்வையும் பொருத்தி, வேண்டாத 1,800 லிட்டரைக் கீழ்த்தொட்டிக்கே திருப்பிவிடலாம். மீதி 1,200 லிட்டர் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு அறைகளின் வழியே மேலே செல்லட்டும். அப்போது நீர் கிரணத்தில் தங்கும் நேரம் 9.4 விநாடியாகி, 94 மில்லி ஜூல் கிடைக்கிறது. தொட்டி ஒன்றுக்கு மணிக்கு 120 லிட்டர் வீதம் நீர் சேரும். அழுக்கைத் தின்னும் வேலைக்கு இது போதாதெனத் தோன்றினால், ஒவ்வொரு தொட்டியிலும் காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றை வைத்துவிடலாம். விளக்கு வாங்குவதற்கு முன்பே பஞ்சு வடிகட்டிக்குப் பணம் ஒதுக்கும்படி சிபாரிசு செய்கிறோம். இவ்வளவும் செய்த பின்னர், ஒரு தொட்டியில் முக்கிய வலையை உலர்த்தாமலும் மருந்து நீரில் நனைக்காமலும் மற்றத் தொட்டியில் முக்கினால், விளக்குக்குப் போட்ட பணம் முழுவதும் விரயமே.

பொருத்தும் வகை

அறையைச் சுவரிலாவது சட்டத்திலாவது செங்குத்தாக நிறுத்தி, நீர் அடியிற் புகுந்து மேலே வெளியேறும்படி வைப்பது உத்தமம். காற்றுக் குமிழிகள் நீரோடு மேலேறிப் போய்விடும். படுக்கையாக வைக்கவேண்டியிருந்தால், நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் மேல்நோக்கி இருக்கவேண்டும். வாய்களைக் கீழ்நோக்கி வைத்தால் அறையின் மேற்பாதியில் காற்று தங்கி, உறையின் ஒரு பக்கம் நீரின்றிச் சூடேறும். அறை வழியே நீர் கீழிருந்து மேலே செல்லும் வகையில் அம்புக்குறி இட்டிருந்தால் அதனை அனுசரிக்கவேண்டும்.

அறையின் இரு பக்கங்களிலும் ஒரு யூனியனும் ஒரு பால் வால்வும் வைத்தல் அவசியம். இவற்றின் விலையைப் பார்த்துத் தவிர்ப்போர், உறையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் குழாயை அறுத்து ஒட்டவேண்டியவராவர். இரப்பர்க் குழாயானால் இணைப்புகளில் எஃகுப் பட்டையை முறுக்கிவிடவேண்டும். அறையின் வாய்களிலிருந்து கசியும் கிரணம் பிளாஸ்டிக் குழாயை நாளடைவில் மஞ்சளாக்கி உடையச் செய்யும். ஆதலால் ஒளி புகும் குழாயை வாயோடு நேராக மாட்டாமல், இடையில் ஒரு கறுப்பு எல்போவை வைத்தால் கிரணம் அதிலேயே தடைப்பட்டு நிற்கும். குழாயின் விட்டம் குறையும் இடங்களும் வளைவுகளும் கூடக்கூட வேகம் குறையும். ஆகவே யாவற்றையும் பொருத்தி முடித்த பின்பே வாளிச் சோதனையைச் செய்க.

முதலில் விளக்குக்கு மின்சாரம் கொடாமல் பம்ப்பை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டி, கசிவு உண்டா என்று காகிதத்தால் துடைத்துப் பார்க்கவேண்டும். உறையின் இரப்பர் வளையம் முறுக்கிக் கிடந்தால் கசிவு அவ்விடத்தில் தோன்றும். வளையத்துக்குச் சிறிது சிலிக்கோன் கிரீஸ் பூசலாம். வேறு எண்ணெய் வேண்டாம். கசிவின்மை உறுதியான பிறகே விளக்கை எரிக்கவேண்டும்.

மின்சாரம் நின்றால் என்ன நிகழும் என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். பம்ப்பு நின்றதும் மேலே உள்ள நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அந்நீரை ஏற்கக் கீழ்த்தொட்டியில் இடம் இருக்கவேண்டும். மின்சாரம் திரும்பும்போது சில சமயங்களில் பம்ப்பு காற்றடைத்து நீரை ஏற்றாது, விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். ஓடாத நீரில் எரியும் விளக்கு அறையைச் சூடாக்கி, வளையத்தையும் உறையையும் கெடுக்கும். பம்ப்பையும் விளக்கையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இணைத்து, மின்சாரம் வந்தவுடன் நீர் விழுகிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டுச் செல்லுதல் நன்று.

நீரும் மின்சாரமும் சேருமிடத்தில் உயிருக்கே அபாயம் உண்டு. இவ்விளக்கின் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பானின் வழியாகவே வரவேண்டும். பூமித் தொடர்பும் இருக்கவேண்டும். விளக்கோடு வரும் சோக்குப் பெட்டியைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுக. கம்பியைச் செருகுமிடத்துக்கு நேரே இழுக்காமல், சற்றுத் தாழத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோனால், கம்பி வழியே ஓடிவரும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

எரியும் விளக்கை அறையினின்று வெளியே எடுத்துப் பார்த்தல் கூடவே கூடாது. பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கும் சுடரைப் பார்த்தவனுக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டினாற்போல வலி எடுப்பது போன்ற துன்பம் இதனாலும் உண்டாகும். வலி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தே தோன்றுவதால் ஏமாற்றமும் அதிகம். விளக்கு எரிகிறதா என்பதை, அதற்கென அமைந்த ஒளி புகும் மூடியிலோ திருகிலோ தெரியும் நீல வெளிச்சத்தினின்றும் அறிக.

பராமரிப்பு

நீல வெளிச்சம் தெரிவதனால் கிரணமும் முழு அளவில் வருகிறதென்று கொள்ளலாகாது. இவ்விளக்குகள் ஏறக்குறைய 8,000 முதல் 9,000 மணி நேரம் வரையில்தான் போதிய கிரணம் தரும். ஒரு வருஷத்திற்கு 8,760 மணி. அதாவது இரவு பகலாக எரியும் விளக்கை, அது எரிந்துகொண்டிருந்தபோதிலும், வருஷம் ஒருமுறை மாற்றவேண்டும். மாட்டிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி அறையின்மேல் ஒட்டிவைத்தால் ஞாபகப் பிசகு நேராது. புது விளக்கை வெறுங்கையால் தொடாமல் துணியாற் பிடிக்கவேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை அதன்மேல் படியலாகாது. உடைந்த விளக்கில் பாதரசம் உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டுக் கையுறையோடு துண்டுகளைப் பொறுக்கி மூடிய பாத்திரத்தில் இடவேண்டும். துடைப்பத்தால் பெருக்குதல் ஆகாது.

உப்புக் கனமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை உபயோகிப்போர் உறையை மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் பூச்சு உறையின்மேல் படிந்து கிரணத்தைத் தடுக்கும். மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு வால்வுகளையும் மூடி, உறையைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சம்பழச் சாற்றிலோ சிறிது நேரம் ஊறவைத்து மெல்லிய துணியால் துடைத்தால் பூச்சு நீங்கிவிடும். சாம்பல், மணல், கம்பி நார் முதலியவற்றால் தேய்க்கவேண்டாம்.

சண்டை மீன் வளர்ப்போர் நீரில் நாட்டு வாதுமை இலையை ஊறப்போடுவது வழக்கம். அதனால் உண்டாகும் தேநீர் போன்ற நிறம் கிரணத்தை வெகுவாக விழுங்கிவிடும். அத்தகைய நீருக்கு இவ்விளக்கு பயன்படாது. இலையா விளக்கா என்று ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து போடும் தினங்களில் விளக்கை நிறுத்திவைக்க வேண்டும். மாலகைட் பச்சை, மெத்திலீன் நீலம், ஆக்ஸிடெட்ராசைக்ளின் முதலியவை இக்கிரணத்தால் சிதைந்து வீரியம் இழப்பனவாகும். மருந்தின் விலையும் போய், நோயும் நிற்கும். நீர்ச்செடிகளுக்கு இடும் திரவ இரும்புச் சத்தும் இவ்வாறே கெட்டுவிடும். மருந்தின் காலம் முடிந்து, நீரில் பாதியை மாற்றிய பின்னர் விளக்கை மறுபடி எரிக்கலாம். சிறு தொட்டியுடையோர் கோடையில் வெப்பத்தையும் கவனிக்கவேண்டும். ஐம்பது லிட்டர் நீரில் 11 வாட் விளக்கு எரிந்தால், வெளியேறும் வெப்பத்தை நீக்கிக் கணக்கிடின், மணிக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி வெப்பம் ஏறும். சித்திரை வைகாசி மாதங்களில் அத்தகைய தொட்டிகளில் விளக்கை இரவில் மட்டும் எரித்து, பகலில் மூடியைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குவது மீன்களுக்கு இதமாயிருக்கும்.